பிரசவ வலி நிவாரணமும் பின்னால் வரும் மனச்சோர்வும்: எதை வைத்து முடிவெடுப்பது?

34ஆம் வாரப் பரிசோதனைக்கு வந்திருந்த ஒரு பெண், கையிலிருந்த கோப்பை மேசைமேல் வைப்பதற்கு முன்பே அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டார். "டாக்டர், முதுகுல ஊசி போட்டுக்கிட்டா குழந்தை பிறந்தப்புறம் டிப்ரஷன் வராதாமே, நிஜமா?" அவருடைய அக்காவுக்கு முதல் பிரசவத்துக்குப் பிறகு பல மாதங்கள் நீடித்த மனச்சோர்வு வந்திருந்தது. தனக்கும் அது வந்துவிடுமோ என்ற பயத்தில், எந்த வலி நிவாரண முறையைத் தேர்ந்தெடுத்தால் அதிலிருந்து தப்பலாம் என்று அவர் தேடிக்கொண்டிருந்தார். பிரசவ வலிக்கு மருந்து கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு, "ஆமாம்" என்று சொல்லி அனுப்பிவிடுவது சுலபம். ஆனால் அந்தக் கேள்விக்கான உண்மையான பதில் சற்று நீளமானது. அவரிடம் அன்று சொன்னதையும், நேரம் போதாமல் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எதைத் தவிர்க்கப் பார்க்கிறோம் என்பதில் முதலில் தெளிவு வேண்டும். பிரசவமான மூன்றாம் நாள் வாக்கில் காரணம் புரியாத அழுகையும் எரிச்சலும் வருவது, பிள்ளை பெற்றவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு உண்டு. உடம்பு தேறத் தேற இரண்டு வாரத்துக்குள் அது தானாகவே அடங்கிவிடும். மனச்சோர்வு அப்படி அடங்குவதில்லை. இரண்டு வாரத்தைத் தாண்டியும் எதிலும் ஈடுபாடு இல்லாமல், குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராமல், "நான் இந்தக் குழந்தைக்குத் தகுதியான தாய் இல்லை" என்ற எண்ணம் விடாமல் அரித்துக்கொண்டிருக்கும் நிலை அது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பிரசவித்த பெண்களில் ஏறத்தாழ 13 சதவீதத்தினர் மனநலப் பாதிப்புக்கு, பெரும்பாலும் மனச்சோர்வுக்கு, ஆளாகிறார்கள். வளரும் நாடுகளில் இந்த அளவு 20 சதவீதத்தை நெருங்குகிறது. முன்பே மனச்சோர்வு வந்திருப்பதும், கர்ப்ப காலத்திலேயே மனம் சோர்ந்திருப்பதும், குடும்பத்தில் ஆதரவு இல்லாமையும், வீட்டில் நடக்கும் வன்முறையும், குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பதும் இதற்கான பெரிய காரணங்கள். நஞ்சுக்கொடி வெளியேறிய சில நாள்களுக்குள் ஈஸ்ட்ரோஜனும் புரொஜெஸ்டிரோனும் செங்குத்தாகச் சரிவது எல்லாருக்கும் நடக்கிறது; சிலருடைய மூளை மட்டும் அந்தச் சரிவைத் தாங்க முடியாமல் தடுமாறுகிறது. இவ்வளவு காரணங்களுக்கு நடுவில்தான் பிரசவ வலி நிற்கிறது. அதற்கும் பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன்; ஆனால் அந்தப் பங்கு எவ்வளவு என்று அளந்துதான் பேச வேண்டும்.

அளப்பதற்குப் பெரும்பாலான ஆய்வுகள் பயன்படுத்துவது 1987இல் வெளியான எடின்பரோ வினாப் பட்டியலை. கடந்த ஏழு நாள்களில் எப்படி உணர்ந்தீர்கள் என்று கேட்கும் பத்துக் கேள்விகள், மொத்தம் 30 மதிப்பெண். 10 அல்லது 13 மதிப்பெண்ணைத் தொட்டால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும் என்பது வழக்கம். அந்தப் பட்டியலில் அதிக மதிப்பெண் வந்தாலே நோய் உறுதியாகிவிட்டது என்று பொருளில்லை. பின்வரும் எண்களைப் படிக்கும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதுகில் போடும் ஊசி: எபிடியூரல்

வலியைக் குறைப்பதில் இதற்கு இணையான முறை வேறொன்றும் இல்லை. ஆகவே இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஊசி போடும் அந்தச் சில நிமிடங்களை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பயம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. கட்டிலின் ஓரத்தில் உட்கார வைத்து, தலையணை ஒன்றை மடியில் கட்டிக்கொண்டு, முகவாயை நெஞ்சில் பதித்து, முதுகைப் பூனை வளைப்பதுபோல் பின்பக்கமாக வளைக்கச் சொல்வோம். எதிரே நிற்கும் செவிலியரின் தோள்களில் இரண்டு கைகளும் இருக்கும். கிருமிநாசினி முதுகில் பட்டதும் சில்லென்றிருக்கும். மரத்துப்போகும் ஊசி எறும்பு கடித்ததுபோல் ஒரு கணம் சுருக்கென்றிருக்கும். அதன் பிறகு அழுத்தம் மட்டும்தான் தெரியும். இடையில் ஒரு வலி வந்தால் "வருது" என்று சொன்னால் போதும், நாங்கள் கையை நிறுத்திவிட்டு அது கடந்து போகும்வரை காத்திருப்போம். மெல்லிய குழாய் ஒன்று உள்ளே தங்கும், ஊசி வெளியே வந்துவிடும். மருந்து முழுமையாக வேலை செய்ய மேலும் இருபது நிமிடம் ஆகும். பிறகு ஒரு துண்டு பனிக்கட்டியை வயிற்றிலிருந்து மேல்நோக்கி நகர்த்தி, எந்த இடத்திலிருந்து சில்லென்று தெரிகிறது என்று கேட்போம். "இங்கே ஒன்றும் தெரியவில்லை" என்று சொல்லும்போதே முகத்திலிருந்த இறுக்கம் தளர்வதைப் பல நூறு முறை பார்த்திருக்கிறேன். இன்றும் அது எனக்குச் சலிக்கவில்லை.

இப்போது கேள்விக்கு வருவோம். 2014இல் பெய்ஜிங்கிலிருந்து வெளிவந்த ஆய்வு ஒன்றுதான் இந்தப் பேச்சைப் பரவலாக்கியது. சுகப்பிரசவத்துக்குக் காத்திருந்த 214 பெண்களில் எபிடியூரல் பெற்றுக்கொண்ட 107 பேரில் ஆறாம் வாரத்தில் 14 சதவீதத்தினருக்கு மனச்சோர்வு இருந்தது. பெறாத 107 பேரில் அது 34.6 சதவீதம். பாதிக்கும் குறைவு! படித்ததும் யாருக்கும் மனம் துள்ளும், எனக்கும் துள்ளியது. ஆனால் அந்த ஆய்வில் யாருக்கு ஊசி, யாருக்கு இல்லை என்று சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கவில்லை, விரும்பியவர்கள் பெற்றுக்கொண்டார்கள். விரும்பிக் கேட்கும் பெண்ணும் கேட்காத பெண்ணும் படிப்பு, வருமானம், பயம், குடும்பத்தின் துணை, முந்தைய மனநிலை என்று பலவற்றில் முன்பே வேறுபட்டிருப்பார்கள். பின்னால் தெரியும் வித்தியாசம் ஊசியால் வந்ததா, அந்த வேறுபாடுகளால் வந்ததா என்று பிரிப்பது கடினம். பின்னர் 2020இல், 85,000க்கும் மேற்பட்ட பெண்களை உள்ளடக்கிய 11 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, எபிடியூரலுக்கும் மனச்சோர்வுக்கும் இடையே குறிப்பிடத்தக்க தொடர்பு ஏதும் தெரியவில்லை. இடரின் விகிதம் கிட்டத்தட்ட ஒன்றில் நின்றது, அதாவது இரு தரப்புக்கும் இடர் ஏறத்தாழ சமம்.

அப்படியென்றால் வலிக்கும் மனத்துக்கும் தொடர்பே இல்லை என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. எபிடியூரல் போடப்பட்டதா இல்லையா என்று மட்டும் கேட்கும் ஆய்வு, அது எவ்வளவு தூரம் வலியைக் குறைத்தது என்று கேட்பதில்லை. எட்டில் ஒருவருக்கு அது சரிவரப் பிடிக்காமல் வேறு வழி தேட வேண்டியிருக்கிறது. கணக்கில் அவரும் "போட்டுக்கொண்டவர்" என்றே சேர்க்கப்படுகிறார். 2018இல் பிட்ஸ்பர்க் ஆய்வாளர்கள், எபிடியூரல் பெற்ற 201 பெண்களிடம் ஊசிக்கு முன்னும் பின்னும் இருந்த வலியின் வித்தியாசத்தை அளந்தார்கள். வலி எவ்வளவு கூடுதலாகக் குறைந்ததோ, ஆறாம் வாரத்தில் மனச்சோர்வு மதிப்பெண் அவ்வளவு குறைவாக இருந்தது. ஆனால் மதிப்பெண்களுக்கிடையிலான மொத்த வேறுபாட்டில் வலிக் குறைப்பு விளக்கிய பங்கு சுமார் 6.6 சதவீதம்தான். என் பார்வையில், இந்தத் துறையில் வெளிவந்தவற்றில் மிகவும் பயனுள்ள எண் இது. வலிக்கு ஒரு பங்கு இருக்கிறது, அது சிறியது, மிச்சமுள்ள 93 சதவீதத்தை வேறு இடங்களில் தேட வேண்டும்.

இஸ்ரேலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு, இன்னொரு கோணத்தைக் காட்டியது. பெண்ணிடம் முன்கூட்டியே, எபிடியூரல் பெற்றுக்கொள்ளத் திட்டமிட்டிருக்கிறீர்களா என்று கேட்டு வைத்துக்கொண்டு, பின்னர் நடந்ததோடு ஒப்பிட்டார்கள். எதிர்பார்த்ததும் நடந்ததும் பொருந்தாமல் போவதே மனச்சோர்வுக்கு வழிவிடக்கூடும் என்பது அவர்கள் வந்துசேர்ந்த இடம். பிரசவ அறையில் நின்று பழகியவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. மருந்தே வேண்டாம் என்று மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு வந்து, அப்படியே பெற்றெடுத்த பெண்ணும், ஊசி கேட்டு, கேட்டவுடன் கிடைத்த பெண்ணும் மறுநாள் நிம்மதியாகப் பேசுகிறார்கள். கேட்டுக் கேட்டு, "இன்னும் கொஞ்ச நேரம்", "இதோ ஆகிவிடும்", "எல்லாரும் தாங்கிக்கிறாங்க, நீ தாங்க மாட்டியா?" என்று சொல்லப்பட்டு, கடைசியில் கிடைக்காமலே பெற்றவர்தான் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். கர்ப்பப்பை வாய் இத்தனை சென்டிமீட்டர் திறந்தால்தான் ஊசி போடலாம் என்று காக்க வைப்பதற்கு இன்று மருத்துவ நியாயம் இல்லை. பெண் கேட்பதே போதுமான காரணம் என்பது அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் சங்கத்தின் நிலைப்பாடு.

பக்க விளைவுகளையும் இதே தராசில் வைக்க வேண்டும். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு, 40 ஆய்வுகளைச் சேர்த்து 2018இல் வெளியிட்ட மதிப்பாய்வின்படி எபிடியூரலால் சிசேரியன் கூடுவதில்லை, நீண்டகால முதுகுவலி கூடுவதில்லை. ஆயுதப் பிரசவம், அதாவது இடுக்கியோ உறிஞ்சு கருவியோ கொண்டு குழந்தையை எடுப்பது, கூடுவது பழைய ஆய்வுகளில் தெரிந்தது. குறைந்த அடர்த்தியில் மருந்து கொடுக்கும் வழக்கம் வந்த பிறகு, 2005க்குப் பிந்தைய ஆய்வுகளில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. ரத்த அழுத்தம் குறைதல், கால் கனத்துப்போதல், காய்ச்சல், சிறுநீர் பிரியாமை ஆகியவை வரலாம். இவை சமாளிக்கக் கூடியவை. ரத்தத் தட்டணுக்கள் மிகவும் குறைவாக உள்ளவர்களுக்கும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுத்துக்கொள்பவர்களுக்கும் பெரும்பாலும் இந்த ஊசி போட முடியாது.

மனச்சோர்வு என்ற கோணத்தில் நான் கவலைப்படும் பக்க விளைவு ஒன்றே ஒன்று, அது தலைவலி. நூற்றில் ஒருவருக்கு ஊசி முனை சற்று ஆழமாகப் போய், தண்டுவடத்தைச் சூழ்ந்திருக்கும் உறையில் துளை விழுந்துவிடுகிறது. அந்தத் துளை வழியே திரவம் கசிவதால், எழுந்து உட்கார்ந்தால் மண்டை பிளப்பதுபோலவும் படுத்தால் குறைவதுபோலவும் ஒரு வலி வரும். பச்சைக் குழந்தையோடு உட்கார்ந்து பால் கொடுக்க முடியாத தாயை எண்ணிப் பாருங்கள். இப்படிப்பட்டவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வுகளில் மனச்சோர்வும் நாள்பட்ட தலைவலியும் அதிகமாகவும், தாய்ப்பால் கொடுப்பது குறைவாகவும் இருந்தன. இதற்குச் சிகிச்சை இருக்கிறது. கையிலிருந்து எடுத்த அவருடைய சொந்த ரத்தத்தையே முதுகில் அதே இடத்தில் செலுத்தினால், அது உறைந்து துளையை அடைத்துவிடும். பலருக்கு அன்றைக்கே நிவாரணம் கிடைக்கிறது. "ரெண்டு நாள் படுத்திருந்தா சரியாப் போயிடும்" என்று வீட்டில் சொல்லக் கேட்டு, வாரக்கணக்கில் தாங்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஊசி போட்ட மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள்.

மற்ற மருந்துகள்

பெத்திடின் ஊசியும் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவும் மனச்சோர்வைக் கூட்டுகின்றன அல்லது குறைக்கின்றன என்று சொல்ல உறுதியான சான்று எதுவும் இல்லை; ஆகவே இவற்றை வேறு அளவுகோல்களால்தான் எடைபோட வேண்டும். பெத்திடின் வலியைக் குறைப்பதைவிட மயக்கத்தையும் தூக்கத்தையும்தான் அதிகம் தருகிறது. குமட்டலும் வரும். நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகிறது. பிறப்பதற்குச் சில மணி நேரத்துக்குள் கொடுத்தால் குழந்தையின் மூச்சு மந்தமாகலாம், அதன் எச்சப்பொருள் குழந்தையின் உடலில் சில நாள்கள் தங்குவதால் பால் குடிக்கத் தொடங்குவதும் தாமதப்படலாம். முதல் நாள்களில் பால் கொடுப்பதில் சிக்கல் வந்தாலே தன்னைக் குற்றம் சொல்லிக்கொள்ளும் தாய்மார்கள் நிறைய; அதனால் இதை என் முதல் தேர்வாக நான் பரிந்துரைப்பதில்லை. ஒரு பொத்தானைத் தாயே அழுத்தி மருந்தைப் பெற்றுக்கொள்ளும் ரெமிஃபென்டானில் முறை அதைவிட மேலானது: பிரிட்டனில் நடந்து 2018இல் வெளிவந்த ஓர் ஒப்பீட்டில், பெத்திடின் பெற்றவர்களில் 41 சதவீதத்தினர் பின்னர் எபிடியூரலுக்கு மாறினார்கள், ரெமிஃபென்டானில் பெற்றவர்களில் 19 சதவீதத்தினரே மாறினார்கள். ஆனால் அது மூச்சை அடக்கக்கூடிய மருந்து என்பதால், ஒரு செவிலியர் அந்தப் பெண்ணைவிட்டு நகராமல் இருக்கும் இடத்தில் மட்டுமே கொடுக்கத் தக்கது.

நைட்ரஸ் ஆக்சைடு வாயு, பாதிக்குப் பாதி ஆக்சிஜனுடன் கலந்து, முகமூடி வழியாகத் தாயே பிடித்து இழுத்துக்கொள்வது. வலி தொடங்கும் கணத்திலேயே இழுக்கத் தொடங்கினால்தான் உச்சத்தில் பயன் தரும். வலியை அறவே நீக்காது. தலை சுற்றும், சிலருக்கு வாந்தி வரும். முகமூடியை எடுத்த சில நிமிடங்களில் எல்லாம் போய்விடும். தன் கையிலேயே கட்டுப்பாடு இருப்பதைப் பெரிதாக மதிக்கும் பெண்ணுக்கு இது நல்ல துணை.

மருந்தில்லாத துணை

இந்தப் பகுதியை எழுதும்போது, மருந்து கொடுப்பவள் என்ற என் இடத்திலிருந்து சற்று விலகி நிற்கிறேன். 1993இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தென்னாப்பிரிக்காவில் முதல் பிரசவத்துக்கு வந்த 189 பெண்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மட்டும், மருத்துவப் பயிற்சி ஏதும் இல்லாத தன்னார்வப் பெண்களைத் துணையாக உட்கார வைத்தார்கள். துணைக்கு இருந்தவர்கள் கையைப் பிடித்துக்கொண்டார்கள், முதுகைத் தடவிவிட்டார்கள், நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஆறு வாரம் கழித்து, துணை கிடைத்தவர்களின் மனச்சோர்வு மதிப்பெண் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. எபிடியூரல் ஆய்வுகளில் நான் குறை சொன்னேனே, விரும்பியவர்கள் தாமே தேர்ந்தெடுத்தார்கள் என்று, அந்தக் குறை இந்த ஆய்வில் இல்லை. இது ஒரே ஒரு சிறிய ஆய்வு என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் 2017ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு 26 ஆய்வுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்துப் பார்த்து, பிரசவம் முழுக்க யாராவது ஒருவர் கூடவே இருந்தால் சிசேரியன் குறைகிறது, வலி மருந்தின் தேவை குறைகிறது, பிரசவ நேரம் சற்றுக் குறைகிறது, பிரசவத்தை மோசமான அனுபவமாக நினைவுகூர்பவர்கள் குறைகிறார்கள் என்று சொன்னது. தீங்கு ஒன்றும் தெரியவில்லை. 2002இல் வந்த இன்னொரு பெரிய தொகுப்பும், பிரசவத்தில் ஒரு பெண்ணின் மனநிறைவைத் தீர்மானிப்பதில் வலியைவிடப் பெரிய பங்கு அவளுடைய எதிர்பார்ப்புக்கும், கிடைத்த ஆதரவுக்கும், கவனித்தவர்களோடு இருந்த உறவுக்கும், முடிவுகளில் அவளுக்கு இருந்த இடத்துக்கும் உண்டு என்று கண்டது.

ஆகவே துணையை எபிடியூரலுக்கு மாற்றாக நிறுத்தி ஒப்பிடுவதே தவறு என்று நினைக்கிறேன். வெந்நீர்த் தொட்டி, மசாஜ், நடப்பது, மூச்சுப் பயிற்சி ஆகியவற்றையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். இவை ஊசிக்கு முன்பும் வரலாம், ஊசியோடும் இருக்கலாம். வலி மருந்து வேலை செய்த பிறகு "இனிமேல் பிரச்சினையில்லை" என்று எல்லாரும் அறையைவிட்டுப் போய்விடுவதைப் பார்த்திருக்கிறேன். வலியில்லாமல் தனியாகக் கிடப்பதும் தனிமைதான்.

சிசேரியனுக்கு வந்தால்

அறுவை சிகிச்சை என்று முடிவானால் தேர்வு வேறு: முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வதா, முழு மயக்கமா என்பது. இதில் என் பதில் தயக்கமில்லாதது. நியூயார்க் மாநிலத்தில் 2006 முதல் 2013 வரை சிசேரியன் செய்துகொண்ட 4,28,204 பெண்களின் பதிவுகளை ஆராய்ந்ததில், முழு மயக்கம் பெற்றவர்களுக்கு, மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குக் கடுமையான மனச்சோர்வு வரும் வாய்ப்பு 54 சதவீதமும், தற்கொலை எண்ணமோ தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதோ வரும் வாய்ப்பு 91 சதவீதமும் கூடுதலாக இருந்தது. இங்கேயும் எச்சரிக்கை தேவை. உயிருக்கு ஆபத்தான அவசரத்தில்தான் முழு மயக்கம் பெரும்பாலும் கொடுக்கப்படுகிறது. அந்த அவசரமே மனத்தைக் காயப்படுத்தியிருக்கலாம். என்றாலும் விழித்திருந்து குழந்தையின் முதல் அழுகையைக் கேட்பதும், அப்போதே தோலோடு தோலாக வைத்துக்கொள்வதும், முதல் சில மணி நேரத்து வலி நன்றாக அடங்கியிருப்பதும் முதுகு ஊசியால்தான் கிடைக்கின்றன. தவிர்க்க முடியாத காரணத்தால் முழு மயக்கம் கொடுக்க வேண்டி வந்தால், அந்தப் பெண்ணை முதல் வாரங்களில் கூடுதல் கவனத்தோடு விசாரிக்க வேண்டும். நடந்தது என்ன, ஏன் நடந்தது என்று யாராவது உட்கார்ந்து அவருக்குச் சொல்ல வேண்டும்.

கர்ப்பத்திலேயே மனச்சோர்வு இருந்த தாய்மார்களைப் பற்றிச் சீனாவிலிருந்து 2024இல் வந்த ஓர் ஆய்வையும் சொல்ல வேண்டும். குழந்தை பிறந்த பிறகு எஸ்கெட்டமின் என்ற மயக்க மருந்தை ஒரே ஒரு முறை சிறிய அளவில் கொடுத்தபோது, 42ஆம் நாளில் கடும் மனச்சோர்வு இருந்தவர்கள் 6.7 சதவீதம், மருந்து பெறாதவர்களில் 25.4 சதவீதம். இது சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வு, வித்தியாசமும் பெரிது. தலைசுற்றலும், பார்வை இரட்டையாகத் தெரிவதும் சிலருக்குக் கொஞ்ச நேரம் வந்தன. வழக்கமான சிகிச்சையாக இதைப் பரிந்துரைக்க இன்னும் காலம் ஆகவில்லை. ஆயினும் கர்ப்ப காலத்திலேயே மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுப்பவர்கள் தங்கள் மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

பிறந்த பிறகு வரும் வலி

பிரசவ வலியைப் பற்றி இவ்வளவு பேசும் நாம், பிறந்த மறுநாள் வலியைப் பற்றிப் பேசுவதே இல்லை. 2008இல் வெளிவந்த, 1,288 பெண்களைக் கொண்ட ஆய்வில், பிரசவமான 36 மணி நேரத்துக்குள் கடுமையான வலி இருந்தவர்களுக்கு, எட்டாம் வாரத்தில் மனச்சோர்வு இருக்கும் இடர் லேசான வலி இருந்தவர்களைவிட மூன்று மடங்காக இருந்தது. சுகப்பிரசவமா சிசேரியனா என்பது வித்தியாசத்தை உண்டாக்கவில்லை. வலியின் கடுமைதான் உண்டாக்கியது. தையல் போட்ட இடத்தில் குத்தும் வலியோடு உட்கார முடியாமல், பால் கொடுக்கும்போதெல்லாம் கருப்பை சுருங்கும் வலியோடு பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் பெண்ணிடம் யாரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. பாராசிட்டமாலும் ஐபுபுரோஃபெனும் தாய்ப்பால் கொடுக்கும்போது எடுத்துக்கொள்ளத் தக்கவை. வலி வந்த பிறகு விழுங்குவதைவிட, மருத்துவர் சொன்ன நேரப்படி முதல் சில நாள்களுக்குத் தவறாமல் எடுத்துக்கொள்வது நல்லது. கோடீன் கலந்த மாத்திரைகளை மட்டும் பாலூட்டும் தாய் தவிர்க்க வேண்டும். எபிடியூரலைப் பற்றி ஒரு மணி நேரம் யோசிக்கும் குடும்பம் இதைப் பற்றிப் பத்து நிமிடம் யோசித்தால், பலன் அதிகம் இங்கேதான் கிடைக்கும் என்பது என் எண்ணம்.

யாருக்கு எது

முன்பு மனச்சோர்வு வந்தவர்கள், வலியை நினைத்தாலே நடுங்குபவர்கள், முந்தைய பிரசவத்தில் அடிபட்ட நினைவோடு வருபவர்கள் ஆகியோருக்கு எபிடியூரலையே நான் முதலில் சொல்வேன். மனச்சோர்வைத் தடுக்கும் என்ற வாக்குறுதியோடு அல்ல. கட்டுக்கடங்காத வலியும் அதன்மீது ஏறும் பயமும் அவர்களுக்குக் கூடுதல் பாரம் என்பதால். இவர்கள் கர்ப்ப காலத்திலேயே மயக்கவியல் மருத்துவரைப் பார்த்துப் பேசிவிட வேண்டும். நடு இரவிலும் அந்த வசதி உண்டா, கேட்ட பின் எவ்வளவு நேரத்தில் கிடைக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருப்பவர்கள் பிரசவம் நெருங்குகிறதே என்று தாமாக நிறுத்திவிடக் கூடாது. அந்த நிறுத்தம், எந்த வலி நிவாரண முறையைத் தேர்ந்தெடுத்தாலும் ஈடுசெய்ய முடியாத இடர்.

மருந்தில்லாமல் பெற்றெடுக்க வேண்டும் என்று உறுதியாக விரும்புபவர்கள் அப்படிச் செய்வதால் மனச்சோர்வு வரும் என்று அஞ்ச வேண்டியதில்லை. அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: இடையில் மனம் மாறினால் என்ன செய்வது என்று இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 14 மணி நேரம் தாங்கிவிட்டு 15ஆவது மணியில் ஊசி கேட்பது தோல்வி இல்லை என்று இப்போதே, வலியில்லாத இந்த நேரத்தில், கணவருக்கும் அம்மாவுக்கும் முன்னால் சொல்லி வையுங்கள். பிரசவம் வேகமாக முடிந்துவிடும் வாய்ப்புள்ள இரண்டாம், மூன்றாம் பேறுக்காரர்களுக்கு ஊசி வேலை செய்வதற்குள் குழந்தை பிறந்துவிடலாம். அவர்கள் வாயுவையும் துணையையும் முதன்மையாக வைத்துத் திட்டமிடுவது பொருந்தும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், இரண்டாம் வாரத்திலும் ஆறாம் வாரத்திலும் யாராவது ஒருவர் அந்த எடின்பரோ கேள்விகளைத் தாயிடம் கேட்க வேண்டும். குழந்தையின் எடையை மட்டும் பார்த்து அனுப்பிவிடக் கூடாது. அதன் பத்தாவது கேள்வி, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அந்த ஒரு கேள்விக்கு "எப்போதாவது" என்று பதில் வந்தாலே அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். தூக்கமே இல்லாமல் குழப்பமாகப் பேசுவது, இல்லாத குரல்கள் கேட்பது, குழந்தையைப் பற்றி விசித்திரமான நம்பிக்கைகள் வருவது ஆகியவை ஆயிரத்தில் ஒருவர் அல்லது இருவருக்கு வரும் மனப்பிறழ்வின் அறிகுறிகள். மணிக்கணக்கில்கூடக் காத்திருக்கக் கூடாது.

அன்று கேள்வி கேட்ட பெண், எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்போ அக்காவுக்கு ஊசி போடாததால வரலையா?" என்றார். அவருடைய அக்காவுக்குப் பிரசவத்தின்போது கூட யாரும் இருக்கவில்லை, ஆறு வாரம்வரை யாரும் எதுவும் கேட்கவுமில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. எபிடியூரல் வேண்டும் என்று அவருடைய கோப்பில் குறித்தேன். அதன் கீழே, பிரசவம் முழுக்கக் கூட இருக்கப்போகிறவர் என்று அக்காவின் பெயரை அவரே எழுதினார்.